பின்சீட்டுப் பாரம்

காரின் பின்பக்கம் வலது கையோரமாக இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி ஆறிக்கொண்டிருக்க, தராசு ஷெட் தரையில் குப்புறப் படுத்து, சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவிலிருந்து தரை வரைக்கும் மறுபடியும் அளந்துகொண்டிருந்தார். எத்தனை முறை அளந்தாலும் அதே இரண்டு விரல்தான்.

தராசு என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். எடையளவுத் துறையில் ஆய்வாளர் அவர். கடைகளுக்குள் நுழைந்து தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. அந்தப் புத்தி ஆபீசோடு நின்றிருந்தால் பரவாயில்லை, வீடு வரைக்கும் வந்துவிட்டது. சுவரில் படம் ஒன்று கோணலாக இருந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவரின் காரே கோணல் என்றால் எப்படித் தாங்குவார்?

அது லேசுப்பட்ட கார் இல்லை. தராசைவிட வயதில் மூத்தது. பிள்ளையில்லாத பெரியப்பா சாகும்போது இவருக்கு விட்டுப்போனது. பெரியப்பா அதைக் கம்பெனியிலிருந்து வந்த கோலம் மாறாமல் வைத்திருந்தார். தராசும் அப்படியே வைத்திருந்தார். முக்கியமாகப் பின்சீட். கம்பெனிக்காரன் போட்ட தையல் ஒரு நூல் பிரியாமல் இருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் ஒரு துண்டு. அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். தராசு அதைக் காருக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் ஆபீஸ் போகும் வழியில்தான் இருந்தது. ஒரு தடவை கேட்டும் பார்த்தாள்.

"போற வழிதானே, என்னை இறக்கி விட்டா என்ன?"

"நீ உக்காந்தா ஸ்பிரிங் உக்காந்துடும்மா."

அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாள்.

இவ்வளவு கண்டிப்புக்கும் ஒரு காரணம் உண்டு. பழைய கார் சங்கம் வருடா வருடம் ஒரு போட்டி நடத்தும். அச்சு மாறாத காருக்குக் கோப்பை. தராசுக்கு எப்போதும் இரண்டாவது இடம்தான். முதலிடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் இந்த வருடம் காரை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். இனி கோப்பையை யார் தடுக்க முடியும் என்று தராசு அலமாரியில் இடம்கூட ஒதுக்கி வைத்துவிட்டார். போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதுதான் இந்த இரண்டு விரல்.

மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தார். அவர் காருக்கு அடியில் போனார், வெகுநேரம் வரவில்லை, தூங்கிவிட்டாரோ என்று தராசு குனிந்து பார்த்த சமயத்தில் உள்ளங்கையில் ஏதோ கறுப்புத் தூளோடு வெளியே வந்தார். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஸ்பிரிங்குக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் வட்டமாக ஒரு ரப்பர் உட்கார்ந்திருக்குமாம். வலது பக்கத்து ரப்பர் உளுத்துத் தூளாகிவிட்டது, அதனால்தான் சாய்வு. ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் சாய்வு அந்தப் பக்கம் போகும் என்றார்.

பழைய கார் சாமான் கிடைப்பது ஊரில் ஒரே கடையில்தான். பஸ் நிலையத்துப் பக்கம் இருந்தது. தராசு அங்கே கால் வைக்க மாட்டார். நட்டு போல்ட்டை எடைபோட்டு விற்கும் அந்தக் கடையின் தராசில் ஒரு சமயம் குறை கண்டுபிடித்து, அதைப் பறிமுதல் செய்துகொண்டு வந்தவர் அவர். அதிலிருந்து கடைக்காரர் எதிரே வந்தால் இவர் மேகத்தைப் பார்ப்பார், அவர் செருப்பைப் பார்ப்பார். ஆகவே மெக்கானிக்கே போனில் அளவைச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் பொட்டலம் வீடு வந்து சேர்ந்தது. ஷெட்டுக்குள்ளேயே காரைத் தூக்கி வைத்து இரண்டு பக்கமும் ரப்பரை மாற்றியாயிற்று.

தராசு அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மகிழ்ச்சியோடு ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தார். கார் வாசலைத் தாண்டும்போது தலைக்கு மேலே கிர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

சத்தத்துக்குக் காரணம் தராசேதான். ஷெட் கட்டும்போது மேஸ்திரி ஒரு முழம் உயரம் கூட விடலாம் என்று கெஞ்சினார். எதற்கு வீணாக என்று இவர் காரை அளந்து, அதற்கு மேல் ஒரு விரல் மட்டும் விட்டு உத்தரம் போடச் சொன்னார். சட்டை தைப்பது மாதிரி ஷெட் கட்டினவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். இப்போது சாய்வு போனதென்னவோ உண்மை. ஆனால் பின்பக்கம் மொத்தமாக எழும்பி, தானியம் பொறுக்கும் கோழி மாதிரி கார் முன்னால் குனிந்து நின்றது. வாசலில் மழைத் தண்ணீர் வராமலிருக்க ஒரு மேடு உண்டு. பின்சக்கரம் அந்த மேட்டில் ஏறினால் காரின் கூரை உத்தரத்தில் இடித்தது. உத்தரத்தை இடிக்கலாம் என்றால் அதன் மேல்தான் மாடிக் குளியலறை நின்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் பதறவில்லை.

"ரப்பருக்கும் மனசு இருக்கு சார். புது இடத்துல கொஞ்சம் முறுக்கிக்கும். தினம் பாரம் ஏத்தி ஓட்டுங்க, தானா உக்காந்துடும்."

தராசு முதலில் டயர்களில் காற்றை இறக்கிப் பார்த்தார். கார் வெளியே வந்தது. தெருவில் கால் பம்பால் காற்றடித்து முடிக்கும்போது சட்டை நனைந்து, ஆபீஸ் தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. ஒரு டயரின் பக்கச்சுவரும் விரிசல் விட்டிருந்தது. அடுத்து மணல் மூட்டை. டிக்கியின் அடித்தகடு துருவேறிக் காகிதமாக இருந்ததால் அங்கே வைக்க முடியாது. பின்சீட்டில்தான் வைக்க வேண்டும். மூட்டை தானாக ஏறாது, தானாக இறங்காது. இரண்டு நாள் ஏற்றி இறக்கியதில் அவருடைய இடுப்பு பிடித்துக்கொண்டது.

மனிதர்கள் என்றால் தானாக ஏறுவார்கள் என்ற எண்ணம் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தபோது வந்தது. மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

"எனக்கு என்ன தலையெழுத்தா?" என்றாள் அவள். "பஸ்ல நின்னுட்டுப் போனாலும் நிம்மதியாப் போவேன்."

அவர் கெஞ்சினார். கோப்பையைச் சொன்னார், பெரியப்பாவின் ஆத்மாவைச் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டு, உங்களுக்காக வருகிறேன் என்றாள். ஆனால் அவள் ஒருத்தி பாரம் போதாது. பக்கத்து வீட்டுத் தையல்காரரும் எதிர்வீட்டுப் பல் டாக்டரும் அதே பஸ்ஸில்தான் போகிறார்களாம். தானே பேசிப் பார்க்கிறேன், வருவார்களா என்று தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை இரண்டு பேரும் ஷெட் வாசலில் அவருக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

பாரம் இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டாமா? தராசு எடை மேடை ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். பல் டாக்டர் கனமான மனிதர். தையல்காரர் அவரில் பாதிதான் இருந்தார். அதனால் தையல் மெஷினை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, டாக்டருக்கு எதிர் ஓரத்தில் உட்கார வைத்தார். மனைவி மேடையில் ஏற மறுத்துவிட்டாள். அந்த ஒரு எடையை மட்டும் அவர் அனுமானமாக எடுத்துக்கொண்டு நடுவில் போட்டார். கார் மேட்டில் ஏறி, உத்தரத்துக்கு அடியில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

வெளியே வந்த பிறகு இறங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவரவர் வேலை செய்யும் இடத்தில் இறக்கிவிட்டார். அன்று சாயங்காலம் தனியாக வீடு திரும்பி, ஷெட் வாசலில் நின்றபோதுதான் உள்ளே போவதற்கும் பாரம் வேண்டும் என்பது உறைத்தது. காரைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொருவரையாகத் தேடிப் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் கடைசிப் பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை கீழே ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது மனித இயல்பு. பிளாஸ்டிக் உறை வேர்க்கிறது என்றார்கள், உறை போனது. தையல்காரர் சும்மா இருக்க முடியாமல் ஓடும் காரில் கால்சட்டை ஓரம் மடித்தார். நூல் துண்டும் சுண்ணக்கட்டித் தூளும் சீட்டின் புராதனத் தையலில் புகுந்தன. ஒருநாள் தராசு ஒரு கடையில் எடைக்கல் சோதித்துக்கொண்டிருந்தபோது, வெளியே காரிலிருந்து மூன்று பேர் நேரமாகிறது என்று கைகாட்டினார்கள். கடைக்காரர் பயந்து, இத்தனை பேர் ஏன் வந்தீர்கள், நான் நேர்மையானவன் என்று கும்பிட்டார்.

ரப்பர் மட்டும் உட்காரவில்லை.

"நானும் தினம் நல்லா அழுத்தித்தாங்க உக்காரறேன்" என்றாள் மனைவி கவலையோடு.

மெக்கானிக் மறுபடியும் வந்தார். மெல்லிய ரப்பராகப் போட்டுவிடலாம் என்று கடைக்குப் போனில் சொன்னார். மறுநாள் பொட்டலத்தைப் பிரித்ததும் தராசு அளந்தார். முன்னதைவிட அரை விரல் தடிப்பாக இருந்தது. மெக்கானிக் அதை அழுத்திப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"தடியா இருக்குன்னு பாக்காதீங்க சார். தலையணையும் தடிதான். தலை வச்சா அமுங்கலையா?"

அளவைச் சொல்லியே பிழைத்தவரைத் தலையணை வாயடைத்துவிட்டது. போட்டுப் பார்த்தார்கள். கார் இன்னும் எழும்பியது. மூன்று பேர் பாரம் போதவில்லை. டாக்டர் பிளாஸ்டர் பல் அச்சுகள் நிறைந்த பெட்டி ஒன்றை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். வளைவுகளில் அத்தனை வாயும் ஒரே நேரத்தில் கடகடத்தன. மனைவி வேலை செய்யும் கூடத்துக் காசாளர் அம்மாள் ஒருத்தியும் இடுக்கில் சேர்ந்துகொண்டாள். அவளும் பஸ்ஸில் அவதிப்படுகிறவள்தானாம்.

தராசு தன் மூளையையும் பிரயோகித்தார். வாசல் மேட்டை உடைத்துவிட்டால் உயரம் மிச்சமாகுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு இறங்கினார். உயரம் ஒரு விரல் மிச்சமானது. அன்றைக்கே மழையும் பெய்தது. தெருத் தண்ணீர் மொத்தமும் ஷெட்டுக்குள் வந்து சக்கரத்தின் பாதி வரை நின்றது. இத்தனை உயரம் எழும்பியிருந்ததால்தான் கார் நனையாமல் தப்பித்தது என்று மனைவி சமாதானம் சொன்னாள். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மெக்கானிக் இன்னொரு தடவை போன் செய்தார். இருப்பதிலேயே மெல்லியது வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு முறை அழுத்திச் சொன்னதை தராசும் பக்கத்தில் நின்று கேட்டார். வந்த ரப்பரைப் பார்த்தபோது அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது ஸ்டூலுக்குக் கால் போடலாம் போல இருந்தது. கடைக்காரன் பழைய தராசு வஞ்சத்தைத் தீர்த்துக்கொள்கிறான். திருப்பி அனுப்பினால் மறுபடி வர நாளாகும். போட்டியோ நாளைக்கு. உளுத்ததைத் தூக்கிப் போட்டாயிற்று, நடுவில் போட்டவையோ கழற்றும்போதே ஸ்பிரிங் கடித்துக் கிழிந்திருந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அதையே மாட்டச் சொன்னார்.

போட்டி நாளன்று கார் ஆட்களோடுதான் புறப்பட்டது. வேறு வழியில்லை. எல்லோரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். மைதானத்தில் மற்றக் கார்கள் வரிசையாகக் காலியாக நின்றன. பழைய கார் சங்கத்துப் பரிசோதகர் ஒல்லியான, சிரிக்காத மனிதர். தராசின் காருக்கு வந்து, பின்பக்க வளைவிலிருந்து தரை வரை அளந்தார். அளந்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது.

"இவ்வளவு வருஷத்துல இந்த வண்டிக்கு இந்த உயரத்தை நான் பாத்ததே இல்ல. கம்பெனி அளவு அப்படியே இருக்கு."

 பெரியப்பா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று தராசு நினைத்தார். பரிசோதகர் அடுத்துப் பின்சீட்டைப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளே குனிந்தார். உள்ளிருந்து நான்கு பேர் அவரைப் பார்த்தார்கள்.

"இவங்கெல்லாம் கம்பெனியிலேர்ந்தே வந்தவங்களா?"

இறங்கச் சொன்னார். தராசு வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். முதலில் காசாளர் அம்மாள் இறங்கினாள், பிறகு டாக்டர், பிறகு மெஷினோடு தையல்காரர், கடைசியாக மனைவி. ஒவ்வொருவராக இறங்க இறங்கக் கார் ஒவ்வொரு படி எழுந்தது. அளவு நாடாவை இன்னும் வளைவிலேயே வைத்துக்கொண்டிருந்த பரிசோதகரின் கையும் அதோடு கூடவே மேலே போனது. சீட்டில் சுண்ணக்கட்டித் தூளும் ஒரு பித்தானும் பிளாஸ்டர் கடைவாய்ப் பல் ஒன்றும் கிடந்தன. பரிசோதகர் பல்லை எடுத்துப் பார்த்து, துடைத்து, தராசின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போனார்.

இரண்டாவது இடம்கூடக் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது தராசுக்கு, கோப்பைக்கு ஒதுக்கிய அலமாரி இடம் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நான்கு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் மனைவி வாயைத் திறந்துகொண்டு, பஸ்ஸில் நின்றே தேய்ந்த கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. மேடு பள்ளத்தில் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினார்.

ஆனாலும் தோற்றது தோற்றதுதான். அடுத்த வருடப் போட்டி இருக்கிறதே. இதற்கெல்லாம் காரணமானவனைச் சும்மா விடக்கூடாது என்று மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அந்தச் சாமான் கடைக்கே நேராகப் போய் நின்றார். கடைக்காரர் செருப்பைப் பார்த்தார். இவர் இந்தத் தடவை மேகத்தைப் பார்க்கவில்லை.

"கம்பெனி அளவு ரப்பர் ஒரு ஜோடி வேணும்."

கடைக்காரர் எட்டி, தலைக்கு மேலிருந்த பரணிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். தராசு பையிலிருந்த அளவுகோலால் அளந்தார். சரியாக இருந்தது. பரணில் அதே அளவில் ஒரு குவியலே கிடந்ததைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. தராசைப் பறிமுதல் செய்தது சட்டம், அதற்காக ஒரு மனிதனின் கோப்பையைக் கெடுப்பதா, இத்தனை சரக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் தடி தடியாக அனுப்பியது என்ன நியாயம் என்று மூச்சுவிடாமல் கேட்டார்.

கடைக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒவ்வொரு தடவையும் இந்த அளவைத்தான் சார் பொட்டலம் கட்டி வச்சேன், உங்க வீட்டம்மாதான் வேலைக்கு நடுவுல வந்து, இது வேணாம், இதைவிடத் தடியா குடுங்க, இன்னும் ஒரு ஆள் உக்காரணும்னு மாத்தி வாங்கிட்டுப் போனாங்க."